கிமோனோவைப் படிக்கத் தெரிந்தால்: ஜப்பானில் 'பெண்ணுக்கேற்ற உடை' என்றால் என்ன?

ஜப்பானிய மொழியில் 'ராஷீ' என்றொரு விகுதி உண்டு. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். 'கக்குசெய்' என்றால் மாணவர். 'கக்குசெய்ராஷீ' என்றால் மாணவருக்கு உரிய விதத்தில். 'ஒன்னா' என்றால் பெண்; 'ஒன்னாராஷீ' என்றால் பெண்ணுக்கு உரிய விதத்தில். இதிலிருந்து பிறந்த 'ஒன்னாராஷிசா' என்ற சொல்லுக்கு அகராதிகள் 'பெண்மை' என்று பொருள் தருகின்றன. அதோடு நிறுத்திக்கொண்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். 'பெண்மை' என்றதும் நமக்கு மென்மையும் அழகும் நினைவுக்கு வரும். 'ராஷீ' கேட்பது வேறு: நீ நிற்கும் இடத்துக்குப் பொருத்தமாக இருக்கிறாயா?

அதனால்தான் ஜப்பானில் பெண்ணின் உடை பற்றிப் பேச்சு வந்தால் 'அழகாக இருக்கிறதா' என்பதற்கு முன்னால் 'பொருந்துகிறதா' என்ற கேள்வி வந்து நிற்கிறது. வயதுக்குப் பொருந்த வேண்டும். அதற்கு 'தோஷி-சோஓ' என்று தனிச்சொல்லே இருக்கிறது. பருவத்துக்கு, சடங்குக்கு, எதிரே இருப்பவரின் தகுதிக்குப் பொருந்த வேண்டும். 1960களில் ஆண்கள் உடை நிறுவனம் நடத்திய இஷிஸு கென்ஸுகே, நேரம், இடம், சந்தர்ப்பம் என்ற மூன்றையும் சேர்த்து 'டி.பி.ஓ.' என்ற சுருக்கத்தைப் பரப்பினார். இன்றைக்கும் அலுவலகத்திலும் கல்யாண வீட்டிலும் புழங்கும் சொல் அது.

இந்தப் பொருத்த விதிகள் எல்லாம் ஆயிரம் வருடப் பழமை என்று ஜப்பானியர்களே பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பலவற்றுக்கு வயது நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை. சில விதிகள் 1960களில்தான் இறுகின. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு கிமோனோவிலிருந்து தொடங்கலாம். விதிகள் மிகத் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும் இடம் அதுதான்.

துணிக்கு உடம்பு தெரியாது

கிமோனோவுக்கான துணி 'தன்மோனோ' என்ற சுருளாக வரும். அகலம் 36 முதல் 38 செ.மீ., நீளம் 12 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு சுருள், ஒரு ஆளுக்கு ஒரு உடை. துண்டுகள் எல்லாமே நீள்சதுரம்: கைக்கு இரண்டு, உடம்புக்கு இரண்டு, முன்பக்கம் சேர்க்கும் ஒடுக்கமான பட்டைகள் இரண்டு, கழுத்துப்பட்டையும் அதன் மேலுறையும். இடுப்பு வளைவு, மார்புப் பிடிப்பு எதுவும் வெட்டில் கிடையாது. மிஞ்சிய துணியை வெட்டி எறியாமல் உள்ளே மடித்துத் தைப்பார்கள். தையலைப் பிரித்தால் பழையபடி சுருளாகிவிடும். அலசி, சாயம் மாற்றி, மகளுக்குத் தைக்கலாம்.

அப்படியானால் ஆண் கிமோனோவையும் பெண் கிமோனோவையும் பிரிப்பது எது? ஆணின் உடை கணுக்கால் வரை, அளவாக முடிந்துவிடும். பெண்ணின் உடையின் நீளம் கிட்டத்தட்ட அவள் உயரமே. அப்படியே விட்டால் தரையில் புரளும். மிச்சத்தை இடுப்பில் மடித்துக் கட்ட வேண்டும். அந்த மடிப்புக்கு 'ஒஹாஷோரி' என்று பெயர். இன்னொன்று அக்குள். ஆணின் கிமோனோவில் கை, உடம்போடு முழுக்கத் தைக்கப்பட்டிருக்கும். பெண்ணுடையதில் அக்குளுக்குக் கீழே திறப்பு விட்டிருப்பார்கள். பெண்ணின் ஒபி, அதாவது இடைப்பட்டை, அகலமாக மார்புக்குக் கீழ் வரை ஏறி நிற்கும். திறப்பு இல்லாவிட்டால் கையைத் தூக்க முடியாது. உள்ளே கைவிட்டு மடிப்பைச் சீராக்கவும் முடியாது.

ஆக, இங்கே பெண் உருவத்தைத் தையல்காரர் தருவதில்லை. கட்டுகிற கை தருகிறது. கட்டும் கலைக்கு 'கித்ஸுகே' என்று பெயர். ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் தாபி, அதாவது கட்டைவிரல் பிரிந்த வெள்ளைக் காலுறை. இதை ஏன் முதலில் போட வேண்டும்? ஒபி கட்டிய பிறகு குனிய முடியாது. புதிதாகக் கட்டுபவர்கள் அநேகமாக எல்லோரும் இதை மறந்து, கடைசியில் யாரையாவது கூப்பிட்டுப் போட்டுவிடச் சொல்வார்கள்.

அடுத்து பருத்தி உள்ளாடை. அதன் மேல் துண்டு. ஆமாம், முகம் துடைக்கும் துண்டுதான். மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள குழிவில் ஒன்றோ இரண்டோ துண்டை மடித்துச் சுற்றி நிரப்புவார்கள். மார்பு எடுப்பாக இருந்தால் தட்டையாக்கும் உள்ளாடையும் உண்டு. உடம்பு உருளை மாதிரி ஆக வேண்டும். காரணம் எளிது: வளைவு இருக்கும் இடத்தில் துணி சுருங்கும், ஒபி நழுவும், சித்திரம் மடிப்புக்குள் போய்விடும். மேற்கத்திய கவுன் இடுப்பைக் காட்டத் தைக்கப்படுகிறது. கிமோனோ இடுப்பை மறைத்துக் கட்டப்படுகிறது. இரண்டையும் உடுத்துகிற ஜப்பானியப் பெண் இரண்டு வெவ்வேறு 'நல்ல உடம்பு'க் கருத்துகளோடு வாழ்கிறாள் என்பதை இந்தத் துண்டு ஒன்றே சொல்லிவிடும்.

பிறகு நாகாஜுபான் என்ற உள்கிமோனோ. அதன் கழுத்துப்பட்டையைப் பின்னங்கழுத்திலிருந்து ஒரு முஷ்டி அளவு பின்னால் இழுத்து வைப்பார்கள். ஜப்பானிய அழகுணர்வில் பின்னங்கழுத்துக்குத் தனி இடம் உண்டு. முன்பக்கம் கழுத்துவரை மூடியிருக்கும். பின்னால் மட்டும் இந்த ஒரு பிடி இடைவெளி. இளம்பெண்ணுக்குக் குறைவாக, நடுவயதுப் பெண்ணுக்குச் சற்று அதிகமாக, கியோத்தோ கெய்ஷாவுக்கு இன்னும் ஆழமாக. இந்த அளவை வைத்தே பார்ப்பவர் எடைபோட்டுவிடுவார்.

இப்போது கிமோனோ. இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே விதிதான். 719ஆம் ஆண்டிலேயே அரசாணையாக வந்தது. மாற்றிக் கட்டுவது பிணத்துக்குத்தான். நினைவு வைக்க ஒரு வழி: சரியாகக் கட்டியிருந்தால் வலது கையை மார்பு மடிப்புக்குள் தடையில்லாமல் நுழைக்கலாம். கைபேசியின் முன்பக்கக் கேமரா பிம்பத்தைப் பார்த்துக் கட்டுபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அது இடவலம் மாற்றிக் காட்டும்.

கீழ்விளிம்பை உயரம் பார்த்து, முன் முனையை மட்டும் சில செ.மீ. தூக்கி வைப்பார்கள். அதனால் உடை கால் பக்கம் குறுகி இறங்கும். பிறகு முதல் கயிறு, கொஷிஹிமோ. எல்லாக் கயிறுகளிலும் இறுக்கமாகக் கட்ட வேண்டியது இது ஒன்றுதான். இடுப்பெலும்புக்குச் சற்று மேலே விழ வேண்டும். அதன் பிறகு அக்குள் திறப்பு வழியாகக் கைவிட்டு மிஞ்சிய துணியைக் கீழே தள்ளி ஒஹாஷோரியை நேராக்கி, மார்புக்குக் கீழே இரண்டாம் கயிறும் பட்டைக் கயிறும் கட்டுவார்கள். ஒபிக்குக் கீழே அந்த மடிப்பு ஆள்காட்டி விரல் நீளம் தெரிந்தால் போதும்.

கடைசியாக ஒபி. விசேஷங்களுக்குக் கட்டுவது சுமார் 31 செ.மீ. அகலம், 4 மீட்டருக்கு மேல் நீளம். அகலத்தை இரண்டாக மடித்து இரண்டு சுற்று. முன்னால் சுருக்கம் விழாமல் இருக்க உள்ளே ஒரு அட்டை, பின்முடிச்சைத் தூக்கி நிறுத்த ஒரு சிறு தலையணை, தலையணையை மறைக்க ஒரு பட்டுத்துணி, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த நடுவில் ஒரு பின்னல் கயிறு. 'தைக்கோ' என்ற பெட்டி வடிவ முடிச்சுதான் இன்று பரவலாக இருப்பது. இன்றைய தோக்கியோவின் பழைய பெயர் எதோ. அந்த நகரின் கமெய்தோ தென்ஜின் கோயிலில் 1817இல் வளைவுப் பாலம் திறந்தபோது அதைப் பார்த்து ஃபுககாவா கெய்ஷாக்கள் கட்டத் தொடங்கியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சுபகாரியத்துக்கு இதை இரட்டை அடுக்காகக் கட்டுவார்கள், நன்மை இரட்டிக்கட்டும் என்று. துக்கத்துக்கு ஒற்றை அடுக்கு மட்டுமே.

பிழைகள் எங்கே வருகின்றன என்று தெரிந்தால் கட்டு இன்னும் விளங்கும். இரண்டு மணி நேரத்தில் கீழ்விளிம்பு இறங்கிவிட்டதா? முதல் கயிறு எலும்பின் மேல் விழாமல் வயிற்றின் மென்பகுதியில் விழுந்திருக்கிறது. மூச்சு முட்டுகிறதா? கீழ்க் கயிற்றைத் தளர்த்தி, அதை ஈடுகட்ட மேல் கயிறுகளை இறுக்கியிருக்கிறார்கள். முடிச்சு தொங்குகிறதா? தலையணையின் நாடாவை முன்பக்கம் ஒபிக்குள் ஆழமாகத் தள்ளவில்லை. பின்கழுத்து இடைவெளி மூடிக்கொண்டு வருகிறதா? பின்னால் கிமோனோவின் அடியைத் தூக்கி, உள்கிமோனோவை முதுகுத் தையல் வழியே கீழே இழுத்துவிட்டால் சரியாகும். விழாக்களில் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் ஒருத்திக்கு இன்னொருத்தி இதைச் செய்துவிடுவதைப் பார்க்கலாம்.

இப்படிக் கட்டிய உடையில் அகலமாகக் கால்வைத்து நடக்க முடியாது. அடி சிறுத்துவிடும். தேநீர்க் கோப்பையை எட்டி எடுத்தால் கைத்துணி தட்டில் விழும். அதனால் மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொள்ளப் பழகுகிறார்கள். முதுகைச் சாய்த்தால் முடிச்சு நசுங்கும். அதனால் நாற்காலி விளிம்பில் நிமிர்ந்து உட்காருகிறார்கள். சிறிய அடி, மற்றக் கையின் துணை, நிமிர்ந்த முதுகு: 'ஒன்னாராஷீ' என்று புகழப்படும் அசைவுகளில் பாதி, இந்த உடை விதிக்கும் கட்டாயங்கள்தான். குணம் என்று நினைப்பதில் எவ்வளவு துணியின் வேலை என்பதை உடுத்திப் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

பத்தடி தூரத்திலிருந்து படிப்பது

ஜப்பானியக் கல்யாண மண்டபத்தில் யார் யார் என்று அறிமுகம் இல்லாமலே சொல்லிவிடலாம். உடையின் கை ஆடி ஆடித் தொங்கினால், ஏறத்தாழ 115 செ.மீ. நீளம் இருந்தால், அது ஃபுரிசோதே. 'ஃபுரி' என்றால் ஆடுவது, 'சோதே' என்றால் உடையின் கை. மணமாகாத இளம்பெண். கை 49 செ.மீ. அளவில் நின்று, கறுப்புப் பட்டில் இடுப்புக்குக் கீழே மட்டும் சித்திரம் இருந்தால் அது குரோதொமேசோதே, அதாவது கறுப்புத் தொமேசோதே. மணமக்களின் தாயாராகவோ நெருங்கிய, மணமான உறவாகவோ இருக்க வேண்டும். அதில் ஐந்து வெள்ளைக் குலச்சின்னங்கள் இருக்கும்: முதுகின் நடுவில் ஒன்று, இரு கைகளின் பின்புறம் ஒவ்வொன்று, மார்பின் இருபுறம் ஒவ்வொன்று. சின்னங்கள் ஐந்திலிருந்து மூன்று, ஒன்று என்று குறையக் குறைய உடையின் தகுதியும் இறங்கும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விலைக்கும் தகுதிக்கும் சம்பந்தம் இல்லை. அமாமி ஓஷிமா தீவின் 'ஓஷிமா த்ஸுமுகி' நூலிலேயே சேறும் மரச்சாறும் கொண்டு சாயமேற்றி நெய்யும் பட்டு. பெரும் விலை போகும். ஆனால் அது சாதாரண உடை வகை. கல்யாணத்துக்குக் கட்டிப் போனால், காசு இருந்தும் விவரம் தெரியாதவர் என்று பேசுவார்கள். நெய்த பிறகு சாயமேற்றிச் சித்திரம் தீட்டியதுதான் சபைக்கு ஏற்றது.

பருவக் கணக்கு இன்னும் நுணுக்கம். அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்துத் தைத்தது. ஜூனிலும் செப்டம்பரிலும் உள்துணி இல்லாதது. ஜூலை, ஆகஸ்டில் 'ரோ', 'ஷா' என்ற சல்லடைத் துணிகள். ஜூன் 1, அக்டோபர் 1 இரண்டும் 'கொரோமோகாயே', உடை மாற்றும் நாட்கள். பள்ளிச் சீருடைகளும் வழக்கமாக அன்றுதான் மாறும். பூச்சித்திரங்கள் பருவத்தைச் சற்று முந்திக்கொண்டு வர வேண்டும். செர்ரி பூத்துக் குலுங்கும்போது செர்ரி கட்டினால் நிஜப் பூவோடு போட்டியிடுவதாகும். மே மாதமே கொதிக்கத் தொடங்கிவிட்டதால் இப்போது பலர் மேயிலேயே உள்துணி இல்லாததுக்கு மாறிவிடுகிறார்கள். நியாயமான மாற்றம்தான்.

வயதும் இப்படியே. 'ஹதே' என்றால் பளிச்சென்று இருப்பது, 'ஜிமி' என்றால் அடக்கமாக இருப்பது. வயது ஏற ஏற நிறம் அடங்க வேண்டும், சித்திரம் கீழே இறங்க வேண்டும். மணமாகாமலே நாற்பதைத் தொட்ட பெண் எதைக் கட்டுவாள்? எழுதிய விதி 'மணமாகாதவர்க்கு ஃபுரிசோதே' என்கிறது. எழுதாத விதி 'இருபதுகளோடு சரி' என்கிறது. பெரும்பாலோர் ஃபுரிசோதேயை மடித்து வைத்துவிட்டு, மணமானவரும் ஆகாதவரும் உடுத்தக்கூடிய வண்ணத் தொமேசோதேக்கோ 'ஹோமோங்கி' என்ற விருந்துடைக்கோ போய்விடுகிறார்கள். இருக்கிற வகைகள் கன்னி, மனைவி, தாய் என்ற மூன்றை மனதில் வைத்து உண்டானவை. அதற்கு வெளியே வாழும் பெண்ணுக்கு அலமாரியில் பெயரிட்ட இடம் இல்லை.

ஃபுரிசோதேயைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை போதும். அன்று வயதுவந்தோர் நாள். வயதுவந்தோர் வயது 2022 ஏப்ரலில் 20இலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் விழா இருபது வயதுக்காரர்களுக்கே நடக்கிறது, 'இருபதினர் சந்திப்பு' என்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு. ஜனவரி நடுவில் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு. பதினெட்டு வயதில் விடியுமுன் அழகு நிலையத்தில் போய் உட்கார யாருக்கு நேரம்? இந்த ஒரு நாளுக்காகப் பலர் ஓராண்டுக்கும் முன்பே உடையைப் பதிவு செய்கிறார்கள். 2018 ஜனவரி 8 காலையில் யோகோஹாமாவைச் சேர்ந்த ஃபுரிசோதே நிறுவனம் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் கடையை மூடியதில் நூற்றுக்கணக்கான பெண்கள் உடை இல்லாமல் தவித்தது தேசியச் செய்தியானது. ஜப்பானியர்களுக்கு அது ஏன் அவ்வளவு வலித்தது என்பது புரிய, அந்த நீண்ட கை வாழ்க்கையில் எவ்வளவு குறுகிய காலத்துக்கு உரியது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

'பாரம்பரியம்' எப்போது தொடங்கியது?

எதோ நகரிலிருந்து ஷோகன்கள் ஆண்ட 'எதோ காலத்தில்' (1603–1868) ஆடம்பரத் தடைச் சட்டங்கள் வணிகர் வீட்டுப் பெண்களின் பகட்டை அடக்கின. அவர்கள் பழுப்பு, சாம்பல், கோடு என்று இறங்கி, அந்த அடக்கத்தையே 'இகி' என்ற நாகரிகமாக்கினார்கள். அக்காலத்தில் விரும்பப்பட்ட இறக்குமதிக் கோட்டுப் பருத்தி ஒன்றின் பெயர் 'சான்தோமே'. சோழமண்டலக் கரையில் நம்முடைய சாந்தோமிலிருந்து வந்த பெயர் அது. மயிலாப்பூர்க் கடலோரத்தின் பெயர் ஜப்பானியத் துணி அகராதியில் இன்றும் இருக்கிறது.

பெரிய மாற்றம் அடுத்து வந்த மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) வந்தது. 1871இல் ஆண்கள் குடுமியை எடுக்கலாம் என்று அரசு அறிவித்தது. அதைப் பார்த்துச் சில பெண்களும் முடியைக் குறைக்கவே, 1872இல் தோக்கியோ நிர்வாகம் பெண்கள் முடி வெட்டத் தடை போட்டது. ஆணின் கத்தரித்த முடி புது நாட்டின் அடையாளம். பெண்ணின் கத்தரித்த முடி குற்றம். நவீனம் ஆணுக்கு, மரபு பெண்ணுக்கு என்று வேலை பிரிந்தது இங்கேதான்.

இது நேர்கோட்டிலும் போகவில்லை. 1883இல் திறந்த ரோக்குமெய்கான் மாளிகையில் மேட்டுக்குடிப் பெண்கள் மேற்கத்திய கவுனில் நடனமாடினார்கள். பேரரசி ஹருகோ 1886இல் மேற்கத்திய உடைக்கு மாறினார். பண்டைய ஜப்பானில் பெண்களுக்கு மேலாடையும் கீழாடையும் தனித்தனியே இருந்தன, மேற்கத்திய உடையும் அப்படித்தானே என்று 1887இல் எழுதி, உள்நாட்டுத் துணியிலேயே தைத்துக்கொள்ளவும் சொன்னார். ஆனால் அது அரண்மனை வட்டம். வெளியே 'ரியோசாய் கென்போ', நல்ல மனைவி, அறிவுள்ள தாய் என்ற கொள்கை பெண்கல்வியின் நோக்கமாக ஏறியது. 1899இல் பெண்கள் உயர்நிலைப்பள்ளி ஆணையும் வந்தது. வகுப்பில் கிமோனோ பிரியாமல் இருக்க, கால் பிரியாத பாவாடை போன்ற அரக்குநிற ஹகாமாவை மாணவிகள் மேலே கட்டினார்கள். கல்வியாளர் ஷிமோதா உத்தாகோவுக்கு அந்தப் பெருமையைத் தருவது வழக்கம். அடியில் பூட்ஸ், சிலருக்கு சைக்கிள். அப்போது 'அடங்காத பெண்' என்று கிண்டல் செய்யப்பட்ட அதே ஹகாமாதான் இன்று மார்ச் மாதப் பட்டமளிப்பில் 'மரபுடை'.

1925 கோடைத் தொடக்கத்தில் கொன் வஜிரோ என்ற ஆய்வாளர் தோக்கியோவின் கின்ஸா கடைத்தெருவில் நின்று போவோர் வருவோரைக் கணக்கெடுத்தார். ஆண்களில் 67 சதவீதம் மேற்கத்திய உடை. பெண்களில்? 1 சதவீதம். குட்டை முடியும் முழங்கால் பாவாடையுமாக 'மோகா', மாடர்ன் கேர்ள், என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிய காலம் அது. தெருவில் நூற்றில் ஒருத்திதான். பத்திரிகைகளை அலைக்கழித்தது எண்ணிக்கை இல்லை; இடம் மாறி நிற்பாளோ என்ற பயம்.

போரில் கிமோனோவின் இடத்தை 'மோன்பே' என்ற உழவுக் காற்சட்டை பிடித்தது. போருக்குப் பின் நாடே மேற்கத்திய உடைக்கு மாறியது. கட்டத் தெரிந்த பாட்டிக்கும் கட்டத் தெரியாத பேத்திக்கும் நடுவே ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தது. 1960களில் பெருகிய கிமோனோ பள்ளிகள் அந்த இடைவெளியில்தான் வந்து உட்கார்ந்தன. முஷ்டி அளவு, விரல் நீளம், துண்டு, சுருக்கமே இல்லாத மார்பு என்று மேலே சொன்ன அளவெல்லாம் இப்படிக் கற்பிப்பதற்காக இறுகியவை. மெய்ஜி காலப் புகைப்படங்களைப் பார்த்தால் கழுத்து தளர்ந்து, மடிப்பு கோணி, சுருக்கங்களோடு சாவகாசமாக நிற்கிறார்கள் பெண்கள். தினசரி உடை அப்படித்தான் இருக்கும். இன்று தெருவில் இளம்பெண்ணை நிறுத்தி 'மடிப்பு சரியில்லை' என்று திருத்தும் பெரியவர்களை 'கிமோனோ போலீஸ்' என்கிறார்கள். அவர்கள் காவல் காப்பது பாட்டியின் பழக்கத்தை என்பதை விட, பள்ளியின் பாடத்தை.

கோட்டும் குதிகாலும்

கிமோனோவை ஆண்டுக்கொரு முறைகூடக் கட்டாதவர்களுக்கும் அதே இலக்கணம் அலுவலகத்தில் காத்திருக்கிறது. இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். 'ஓஷாரே' என்பது தன் விருப்பத்துக்கு அலங்கரித்துக்கொள்வது. 'மிதாஷினாமி' என்பது எதிரே இருப்பவருக்குச் செய்யும் மரியாதையாகத் தன்னைச் சீராக வைத்துக்கொள்வது. முதலாவது இஷ்டம், இரண்டாவது கடமை. ஆணின் மிதாஷினாமி சவரமும் இஸ்திரியும். பெண்ணின் மிதாஷினாமியில் ஒப்பனையும் குதிகால் உயர்ந்த செருப்பும் சேர்ந்துவிடும். ஒப்பனை இல்லாமல் வருவதை 'மரியாதைக் குறைவு' என்று சொல்லும் இடங்கள் உண்டு. அழகு கடமைப் பட்டியலுக்குள் வந்த பிறகு, வேண்டாம் என்று சொல்வது அடாவடியாகத் தெரிகிறது. இந்தச் சிக்கலின் வேர் இதுதான்.

நடிகையும் எழுத்தாளருமான இஷிகாவா யூமி 2019இல் இதைப் பிடித்து உலுக்கினார். 'குத்ஸு' என்றால் செருப்பு, 'குத்ஸூ' என்றால் வலி. இரண்டையும் 'மீ டூ'வோடு சேர்த்து 'குத்தூ' என்று இயக்கத்துக்குப் பெயர். பணியிடத்தில் பெண்களுக்குக் குதிகால் செருப்பைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற மனு 18,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு தொழிலாளர் நலத்துறைக்குப் போனது. அப்போதைய அமைச்சர் நெமோதோ தகுமி, பணிக்குத் தேவையானது, பொருத்தமானது என்று சமூகம் ஏற்கும் வரம்புக்குள் இருந்தால் சரி என்ற பொருளில் பதில் சொன்னார். மீண்டும் அதே 'பொருத்தம்'. அதே ஆண்டு இறுதியில், பெண் ஊழியர்கள் மட்டும் மூக்குக்கண்ணாடி போடக் கூடாது என்ற சில இடங்களின் விதியும் விவாதமானது. 2020 ஏப்ரல் முதல் ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பெண் ஊழியர்களுக்குத் தாழ்ந்த செருப்பையும் காற்சட்டையையும் அனுமதித்தது.

இலக்கணத்தை மீறியவர்களை வெளியூர்க்காரர்கள் அடிக்கடி தவறாகப் படிக்கிறார்கள். 'கவாயீ' என்ற சுட்டித்தன அழகை, 1974இல் உருவான ஹலோ கிட்டியை வைத்து, 'ஜப்பானியப் பெண் குழந்தைத்தனமானவள்' என்று முடித்துவிடுவது அதில் ஒன்று. கவாயீயும் ஒன்னாராஷீயும் ஒன்றல்ல. ஒன்னாராஷீ மனைவியாகவும் தாயாகவும் முதிரச் சொல்கிறது. 1970களில் உருண்டை உருண்டையாக எழுதத் தொடங்கிய பள்ளிப் பெண்கள் அந்த முதிர்ச்சியைத் தள்ளிப்போட இடம் தேடினார்கள். தோக்கியோவின் ஹராஜுக்குப் பகுதியில் காணும் லொலிதா உடையும், சிறுமியை மோகிக்கும் ஒருவனின் கதையைச் சொல்லும் நாவலின் பெயரைத் தாங்கியிருப்பதால் குழப்பும். மணி வடிவப் பாவாடை, அதைத் தூக்கி நிறுத்தும் வலை உள்பாவாடை, கழுத்து முதல் மணிக்கட்டு வரை மூடிய சட்டை, முழங்கால் உறை. ஆணின் கண்ணுக்கு விருந்தாகும் நோக்கம் அதில் இல்லை. உடுத்துபவர்கள் அதை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

தோக்கியோவின் இன்னொரு பகுதியான ஷிபுயாவின் 'க்யாரு'ப் பெண்கள் எதிர்த்திசையில் போனார்கள். 'வெள்ளைத் தோல் ஏழு குறை மறைக்கும்' என்று பழமொழி உள்ள நாட்டில், 1990களின் இறுதியில் தோலைக் கருக்கிக்கொண்டு, கண்ணைச் சுற்றி வெள்ளை பூசி, வெளுத்த முடியோடு கூட்டமாகத் தெருவில் நின்றார்கள். அசிங்கம் என்று திட்டியவர்கள் அந்தப் பழமொழியை யோசித்துப் பார்க்கவில்லை.

வடிவமைப்பாளர் கவாகுபோ ரேய் இந்த எதிர்ப்பைத் துணியிலேயே செய்தார். 1981இல் பாரிஸுக்குப் போனவர், கறுப்பும் ஓட்டையும் கிழிசலுமாகப் பெண்ணுடையைக் காட்டி அதிரவைத்தார். 1997க்கான அவருடைய தொகுப்பு ஒன்றில் முதுகிலும் தோளிலும் இடுப்பின் ஒரு பக்கத்திலும் பஞ்சுப் பொதிகளைத் திணித்திருந்தார். கிமோனோ கட்டுபவர் உடம்பின் மேடுபள்ளத்தை மறைக்கத் துண்டு வைக்கிறார். கவாகுபோ உடம்பில் இல்லாத மேட்டை உண்டாக்கப் பொதி வைத்தார். பெண் உடம்பின் உருவம் திணிப்பில்தான் இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இனி மறுபடியும் அந்த நீண்ட கைக்கு வருவோம். பழைய வழக்கப்படி, கல்யாணம் முடிந்ததும் ஃபுரிசோதேயின் கையை 49 செ.மீ. அளவுக்கு வெட்டி ஹோமோங்கியாக மாற்றிக்கொள்வார்கள். வெட்டிய துண்டு பை தைக்க உதவும். ஆனால் வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது. இப்போது 'மாமா-ஃபுரி' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது: அம்மா இருபது வயதில் உடுத்திய ஃபுரிசோதேயை மகள் உடுத்துவது. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் விழாவுக்கு ஓராண்டு முன்பே விரித்துப் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது கறை. மடிப்பு ஓரங்களில் மஞ்சள் ஏறியிருக்கும், அதை எடுக்க மாதக்கணக்கில் ஆகலாம். இரண்டாவது, பின்கழுத்து எலும்பிலிருந்து மணிக்கட்டு வரையான அளவு. மகளின் கை அம்மாவுடையதை விட நீளமாக இருந்தால், தோள் தையலிலும் கைத் தையலிலும் உள்ளே மடித்த துணியைப் பிரித்து இரண்டு மூன்று செ.மீ. கூட்டலாம். உள்கிமோனோவின் கையையும் அதே அளவு மாற்றாவிட்டால் விளிம்பில் பிதுங்கும் அல்லது உள்ளே ஏறிப்போகும். மூன்றாவது, கழுத்துப்பட்டை, ஒபிமேல் துணி, பின்னல் கயிறு இந்த மூன்றை மட்டும் புதிதாக வாங்கினால் முப்பது வருட உடை மகளுடையதாகிவிடும். இத்தனையும் நடக்க ஒரே ஒரு முன்நிபந்தனை, கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அந்தக் கையை வெட்டாமல் மடித்து வைத்திருக்க வேண்டும்.